மருந்து அடிப்பவரின் மரபணுவில் என்ன நடக்கிறது?

சம்பா நாற்றங்காலுக்கு விதை தயாராகும் நாட்களில் தமிழ்நாட்டு விவசாய வீடுகளில் கார்பண்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியின் பொட்டலம் பிரிக்கப்படுவது வழக்கம். ஒரு கிலோ விதைநெல்லுக்கு 2 கிராம் என்பது பரிந்துரை. தூளை விதையோடு சேர்த்துப் புரட்டி எடுப்பார்கள், அல்லது தண்ணீரில் கரைத்து விதையை ஊறவைப்பார்கள். பெரும்பாலும் வெறுங்கைதான். பல வீடுகளில் அந்த வேலை பெண்களுடையது. யாருக்கும் தலை சுற்றுவதில்லை, வாந்தி வருவதில்லை. கையைக் கழுவிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதனாலேயே இது சாதுவான மருந்து என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது.

அந்தத் தூள் பூஞ்சையை எப்படிக் கொல்கிறது என்று பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது மரபணுக்களைச் சுமக்கும் அதன் குரோமோசோம்கள் சரிபாதியாகப் பிரிந்து இரு பக்கமும் போய்ச் சேர வேண்டும். அவற்றை இழுத்துச் செல்பவை டியூபுலின் என்ற புரதத்தால் ஆன மெல்லிய இழைகள். கார்பண்டசிம் அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொண்டு இழை உருவாவதைத் தடுக்கிறது. குரோமோசோம்கள் பிரிய முடியாமல் பூஞ்சை செத்துப்போகிறது. நம் உடலின் செல்களும் இதே டியூபுலினை நம்பித்தான் பிரிகின்றன. பூஞ்சையின் புரதத்தில் ஒட்டும் அளவுக்கு நம்முடையதில் அது வலுவாக ஒட்டுவதில்லை என்பதுதான் நமக்குள்ள பாதுகாப்பு. ஆனால் அது முழுப் பாதுகாப்பு அல்ல. விலங்குகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது விரைகள் சேதமடைந்தன, செல்களில் குரோமோசோம் எண்ணிக்கை பிசகியது. இந்தச் சான்றுகளை வைத்து ஐரோப்பிய ஒன்றியம் கார்பண்டசிமை மரபணு மாற்றத்தை உண்டாக்கும் பொருள், இனப்பெருக்கத்துக்குத் தீங்கான பொருள் என்ற இரு பட்டியல்களிலும் '1பி' வகையில் வைத்தது. மனிதரின் இனப்பெருக்கச் செல்களிலும் அந்த விளைவு இருக்கும் என்று கருதி நடந்துகொள்ள வேண்டும் என்பது அந்த வகையின் பொருள். 2014-க்குப் பிறகு அங்கே அது பயிர் மருந்தாக அனுமதிக்கப்படவில்லை. பிரேசில் 2022-இல் தடை செய்தது. இங்கே இன்றும் கடையில் கிடைக்கிறது.

இவ்வளவு விவரமும் பொட்டலத்தின் மீது இருக்கும் முக்கோணத்தில் தெரியாது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற நான்கு நிறங்களும் ஒரே ஒரு கேள்விக்கான விடைதான். ஒரே தடவையில் எவ்வளவு உள்ளே போனால் சோதனை விலங்குகளில் பாதி சாகும் என்பதே அந்தக் கேள்வி. கார்பண்டசிமில் அந்த அளவு மிக அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்த மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியிலும் அப்படியே. உடனே கொல்லாத மருந்து, மெல்லக் கெடுக்காத மருந்து என்று ஆகிவிடாது. இருபது ஆண்டு தெளிப்பதால் குரோமோசோமுக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்ல நம் லேபிளில் நிறமே கிடையாது.

2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடே பேசியது. அது பேசப்பட வேண்டிய கொடுமை. ஆனால் அதே வயல்களில் மயங்கி விழாமல் வீடு திரும்பியவர்களின் ரத்தத்தில் என்ன மாறியது என்பது செய்தியாவதில்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

மூன்று வெவ்வேறு கேள்விகள்

'பூச்சிமருந்தால் மரபணு பாதிப்பு' என்று ஒரே மூச்சில் சொல்லப்படுவதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. தெளிப்பவரின் உடல் செல்களில் உள்ள டிஎன்ஏ சிதைகிறதா என்பது ஒன்று. பிறவியிலேயே அமைந்த மரபணு வேறுபாட்டால் ஒரே மருந்து ஒருவரை அதிகமாகவும் இன்னொருவரைக் குறைவாகவும் தாக்குகிறதா என்பது இன்னொன்று. விந்தணு, கருமுட்டை வழியாகக் கேடு பிள்ளைகளுக்குப் போகிறதா என்பது மூன்றாவது. இவற்றுக்கான சான்றுகளின் வலு ஒரே மாதிரி இல்லை. மூன்றையும் குழப்பிக்கொள்வதால் தொழிலாளருக்கு நன்மை வருவதில்லை. ஒருபுறம் அளவுக்கு மீறிய பயமும், மறுபுறம் 'எல்லாம் வம்சவாகு' என்ற கைகழுவலும்தான் வருகின்றன.

முதல் கேள்விக்கு இந்தியாவிலிருந்தே பழைய, முக்கியமான விடை உண்டு. 1980-களில் ஆந்திரத்தின் பருத்தி வயல்களில் மருந்து மழையாகக் கொட்டியது. நாட்டின் விளைநிலத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தில் இருந்த பருத்தி, நாட்டின் பூச்சிமருந்தில் ஏறக்குறைய பாதியைக் குடித்த காலம் அது. வெள்ளை ஈ கட்டுக்கடங்காமல் போக, வாரம் ஒருமுறைக்கு மேல்கூட அடித்தார்கள். ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் மரபியல் ஆய்வாளர்கள் அந்தத் தெளிப்பாளர்களிடமும் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களிடமும் ரத்தம் எடுத்து, வெள்ளை அணுக்களை வளர்த்து, நுண்ணோக்கியில் குரோமோசோம்களை எண்ணினார்கள். முறிந்த குரோமோசோம்கள், துண்டாகிப்போனவை, தவறாக ஒட்டிக்கொண்டவை ஆகியவை மருந்தோடு தொடர்பில்லாதவர்களைவிடத் தெளிப்பாளர்களிடம் தெளிவாக அதிகம். 1987 தொடங்கி அடுத்தடுத்து வெளியான அந்தக் கட்டுரைகள் உலகின் பல பகுதிகளிலும் இத்தகைய ஆய்வுகளில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகின்றன. தமிழில் அவற்றைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம். அந்தத் தெளிப்பாளர்கள் நம் பக்கத்து மாநிலத்தவர்கள். நாம் இன்று அடிக்கும் மருந்துகளின் உறவினங்களைத்தான் அவர்களும் அடித்தார்கள்.

சிதைவு எப்படி நிகழ்கிறது? ஒரு வழி நேரடியானது. பூச்சியின் நரம்பைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகளில் சில டிஎன்ஏ இழையின் மீதே சிறு வேதித் துண்டுகளை ஒட்டவைக்கக் கூடியவை. இன்னொரு வழி சுற்றிவளைத்தது, ஆனால் அதிகம் நடப்பது. மருந்தைச் செரித்து வெளியேற்ற உடல் போராடும்போது உடலுக்குள் ஆக்சிஜனின் வெறிகொண்ட வடிவங்கள் பெருகி டிஎன்ஏவை அரிக்கின்றன. பாராகுவாட் களைக்கொல்லி இதற்குப் பெயர்போனது. ஒரே மூலக்கூறு திரும்பத் திரும்ப அந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மூன்றாவது வழி, கார்பண்டசிம் போல டிஎன்ஏவைத் தொடாமலே குரோமோசோம் பங்கீட்டைக் குலைப்பது. வயலில் இவை தனித்தனியாக வருவதில்லை. ஒரே டேங்கில் இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடிக்கும் வழக்கத்தில் எது எதைச் செய்தது என்று பிரித்துச் சொல்வது ஆய்வாளருக்கே பெரும் சிக்கல்.

இன்று அதிகம் பயன்படும் அளவுகோல் நுண்கரு. செல் பிரியும்போது தவறிப்போன குரோமோசோமோ அதன் துண்டோ செல்லின் உட்கருவுக்கு வெளியே தனியே ஒரு சிறு உருண்டையாக நின்றுவிடும். ஆயிரம் செல்களில் எத்தனையில் அது இருக்கிறது என்று எண்ணுவார்கள். ரத்தம்கூட வேண்டாம், கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்த செல்களே போதும். இந்த எண்ணிக்கைக்குப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. 10 நாடுகளில் 6,718 பேரைப் பின்தொடர்ந்து 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளை அணுக்களில் நுண்கரு அதிகமாக இருந்தவர்களிடையே பின்னாளில் புற்றுநோய் அதிகம் காணப்பட்டது. ஆனால் இது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு. ஒரு தனி மனிதரின் கன்னச் செல்லைப் பார்த்து 'உனக்கு நோய் வரும்' என்று சொல்ல எந்த ஆய்வகத்தாலும் முடியாது. அப்படிச் சொல்லிப் பரிசோதனை விற்பவர்களை நம்ப வேண்டாம்.

எல்லா ஆய்வுகளும் ஒரே திசையில் கைகாட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இத்தாலியின் பூந்தோட்டத் தொழிலாளரிடம் நுண்கரு கூடியிருந்தது. கிரீஸ், ஸ்பெயின், போலந்து, ஹங்கேரி ஆகிய நான்கு நாடுகளில் ஒரே முறையில் நடத்திய ஆய்வில் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. ஆய்வு பிழை என்று ஒதுக்குவதற்கு முன், யார் எதை எப்படி அடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். கையுறை, முகமூடி, மூடிய டிராக்டர் அறை என்று பாதுகாப்போடு வேலை செய்கிறவருக்கும், முதுகில் ஒழுகும் டேங்கோடு வெறுங்காலில் தன் தெளிப்புக்குள்ளேயே நடந்து போகிறவருக்கும் உடலில் சேரும் அளவு ஒன்றாக இருக்க முடியாது. என் கணிப்பில், முடிவுகளின் வேறுபாட்டைப் பெரிதும் விளக்குவது இதுதான். இது நம்பிக்கை தரும் செய்தியும்கூட. மருந்து உடலில் சேரும் அளவு குறைந்தால் சிதைவும் குறைகிறது.

கொலம்பியாவில் கொக்கைன் எடுக்கப் பயன்படும் கோகா பயிரை அழிக்க விமானத்திலிருந்து கிளைபோசேட் களைக்கொல்லியைத் தெளித்த பகுதிகளில் நடந்த ஆய்வும் ஒரு வகையில் இதையே காட்டுகிறது. தெளித்த சில நாட்களில் மக்களின் வெள்ளை அணுக்களில் நுண்கரு சற்றே கூடியது. சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது சில இடங்களில் குறைந்திருந்தது. டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் நொதிகள் நம் ஒவ்வொரு செல்லிலும் ஓயாமல் இயங்குகின்றன. சிதைந்த செல்கள் செத்துப் புதியவை வருகின்றன. பருவம் முடிந்து ஓய்வு கிடைத்தால் உடல் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ளும். ஓய்வே கிடைக்காமல் ஆண்டு முழுவதும் பருத்தி, மிளகாய், கத்தரி, திராட்சை என்று கூலிக்கு மருந்து அடிப்பதையே தொழிலாகக் கொண்டவருக்குத்தான் அந்த வாய்ப்பு மறுக்கப்படுகிறது.

மீளாத மாற்றங்களும் உண்டு. 14-ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியும் 18-இன் ஒரு பகுதியும் இடம் மாறிக்கொள்ளும் ஒரு பிழை, ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோயின் முதல் படி. பிரான்ஸில் மருந்தோடு புழங்கிய விவசாயிகளின் ரத்தத்தில் இந்த இடமாற்றம் கொண்ட செல்கள் கூடியிருந்ததை 2009-இல் ஒரு ஆய்வு காட்டியது. ஆரோக்கியமாக இருக்கும் பலரிடமும் இத்தகைய செல்கள் சில இருக்கும், பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. அடுத்தடுத்த பிழைகள் அதன்மேல் சேர்ந்தால்தான் நோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் மாலத்தியான், டயசினான், கிளைபோசேட் மூன்றையும் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற 2ஏ வகையிலும், லிண்டேனை 'உண்டாக்கும்' என்ற முதல் வகையிலும் வைத்தபோது, செல்களில் காணப்பட்ட மரபணுச் சேதமும் அதன் சான்றுகளில் ஒன்று. கிளைபோசேட் பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் 89,000 பேரை 1993 முதல் பின்தொடரும் வேளாண் சுகாதார ஆய்வு, அந்த மருந்துக்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் பொதுவான தொடர்பு எதையும் 2018-இல் காணவில்லை.

ஒரே மருந்து, வேறு வேறு உடல்

ஒரே நாள், ஒரே வயல், ஒரே மருந்து. ஒருவர் மயங்குகிறார், மற்றவர் ஒன்றுமில்லை என்கிறார். இதற்கு மரபணுவும் ஒரு காரணம். குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் கல்லீரலில் ஆக்சான் என்ற மிகக் கொடிய வடிவமாக மாறுகின்றன. அந்த ஆக்சானை ரத்தத்திலேயே வெட்டி வீழ்த்தும் நொதி பாராக்சோனேஸ். அதை உண்டாக்கும் மரபணுவில் மனிதருக்கு மனிதர் சிறு வேறுபாடுகள் உண்டு. நொதி எவ்வளவு சுரக்கிறது, எவ்வளவு வேகமாக வெட்டுகிறது என்பவை அதைப் பொறுத்தவை.

கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில், பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகளை பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999 முதல் பின்தொடர்ந்து வருகிறார்கள். தாய்மார்களுக்குள்ளேயே இந்த நொதியின் அளவில் 14 மடங்கு வேறுபாடு இருந்தது. பிறந்த குழந்தைகளுக்குள் 26 மடங்கு. அதைவிட முக்கியமாக, குழந்தையிடம் சராசரியாகத் தாயிடம் இருந்ததில் கால் பங்குதான் இருந்தது. வயலிலிருந்து வந்த தாயின் சேலையில், அப்பாவின் சட்டையில் ஒட்டியிருக்கும் மருந்தைச் சமாளிக்க அந்தச் சிறு உடலிடம் போதிய கருவி இல்லை. 'பாதுகாப்பான அளவு' என்று ஒரே எண்ணைக் குறிக்கும்போது, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்காக வழக்கமாக 10 மடங்கு இடைவெளி விடுவார்கள். இந்த எண்களைப் பார்த்த பிறகு அந்த 10 போதும் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் இதில் நல்ல மரபணு, கெட்ட மரபணு என்று யாருக்கும் முத்திரை குத்த முடியாது. ஒரு மருந்தின் ஆக்சானை வேகமாக வெட்டும் வடிவம், இன்னொரு மருந்துக்கு மந்தமாக இருக்கலாம். பிரிட்டனில் ஒட்டுண்ணி போக ஆடுகளை டயசினான் கரைசலில் முக்கியெடுத்த பண்ணையாளர்கள் பலர் தீராத நலக்குறைவைச் சொன்னார்கள். 2002-இல் வெளியான ஆய்வில், அவர்களிடம் அந்த மருந்தைச் சரியாகக் கையாளாத வடிவமே அதிகம் இருந்தது. அந்த வடிவமே வேறு மருந்துகளுக்கு எதிராக நன்றாக வேலை செய்யும் வடிவம் என்று பெயர் பெற்றது. பாராகுவாட்டும் பார்க்கின்சன் நோயும் பற்றிய 2012-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு இன்னும் கூர்மையானது. ஜிஎஸ்டிடி1 என்ற நச்சு நீக்கும் மரபணு பிறவியிலேயே இல்லாதவர்கள் பாராகுவாட் அடித்திருந்தால் நோயின் வாய்ப்பு 11 மடங்கு. மரபணு உள்ளவர்களுக்கு 1.5 மடங்குதான். ஆய்வு சிறியது, அந்த 11 முன்பின் ஆகலாம். ஆனால் இந்த மரபணு இல்லாமை ஒரு நோயே அல்ல. ஐரோப்பியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது இல்லை. அவர்கள் பாராகுவாட்டைத் தொடாதவரை அது இல்லாதது தெரியவே தெரியாது.

இங்கே ஒரு ஆபத்து காத்திருக்கிறது. 'இந்த மரபணு உள்ளவர்களை மருந்து அடிக்க அனுப்ப வேண்டாம்' என்று பரிசோதனை செய்து ஆட்களைப் பிரிக்கலாம் என்ற யோசனை கேட்பதற்கு அறிவியல்போல இருக்கும். அதன் விளைவு என்னவாகும்? தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்டவருக்குக் கூலி போகும். தகுதி உண்டு என்று அனுப்பப்பட்டவர் நோயுற்றால் அது அவர் விதி என்றாகும். ஒழுகும் டேங்க் அப்படியே இருக்கும். மரபணு வேறுபாடு பற்றிய அறிவு, எல்லாரிலும் பலவீனமானவரைக் காக்கும் அளவுக்கு, அனுமதிக்கப்படும் மருந்தின் அளவைத் தாழ்த்தப் பயன்பட வேண்டும். பலவீனமானவரைக் கண்டுபிடித்து வெளியேற்ற அல்ல. அமெரிக்காவில் வேலைக்கு எடுக்கும்போது மரபணுத் தகவலைப் பயன்படுத்துவதை 2008-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அப்படி ஒரு தனிச் சட்டம் நம்மிடம் இல்லை.

பிள்ளைகளுக்குப் போகுமா?

மனதை அதிகம் வாட்டும் கேள்வி இது. உஸ்மானியா ஆய்வாளர்கள் 1991-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், கணவர் பருத்திக்கு மருந்து அடித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட தம்பதிகளை, மருந்தோடு தொடர்பில்லாத ஏறத்தாழ அதே அளவு தம்பதிகளோடு ஒப்பிட்டார்கள். தெளிப்பாளர் குடும்பங்களில் குழந்தைப்பேறு குறைவு. கருச்சிதைவும், பிறந்தவுடன் இறந்த குழந்தைகளும், பிறவிக் குறைபாடுகளும் அதிகம். மெக்சிகோவின் விவசாயத் தொழிலாளரிடம் தெளிப்புப் பருவத்துக்கு முன்னும் பருவத்தின்போதும் விந்தணுக்களைச் சோதித்த ஒரு சிறிய ஆய்வில், பாலினக் குரோமோசோமே இல்லாத விந்தணுக்கள் பருவத்தின்போது கூடியிருந்தன. விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகிறது. அதனால் குழந்தைக்காக முயலும் தம்பதிகளில் கணவர் மூன்று மாதமாவது மருந்துப் பக்கம் போகாமல் இருப்பது பொருளுள்ள எச்சரிக்கை. நாட்கூலிக்குப் போகும் ஒருவரிடம் இதைச் சொல்வது எளிது, அவர் கடைப்பிடிப்பது கடினம் என்பது எனக்குத் தெரியும்.

இந்தப் பாடத்தை உலகம் மிகக் கசப்பாகக் கற்றது டிபிசிபி என்ற மருந்தால். வாழை, அன்னாசி வேர்களைத் தாக்கும் நூற்புழுவுக்கு எதிராக, 'நெமகான்' என்ற பெயரிலும் விற்ற மருந்து. எலிகளின் விரைகளை அது சுருக்குகிறது என்று தயாரித்த நிறுவனங்களின் ஆய்வே 1961-இல் அச்சில் வந்துவிட்டது. 1977-இல் கலிபோர்னியாவின் லாத்ரப் ஊரில் அதைத் தயாரித்த தொழிற்சாலையில், தங்களில் பலருக்குக் குழந்தையே பிறக்கவில்லை என்பதை ஆண்கள் தங்களுக்குள் பேசிக் கண்டுகொண்டார்கள். சோதித்தபோது சிலரிடம் விந்தணு மிகக் குறைவு, சிலரிடம் ஒன்றுகூட இல்லை. அமெரிக்கா 1979-இல் பெரும்பாலான பயன்பாட்டைத் தடை செய்தது. அதற்குள் கோஸ்டாரிகா, நிகரகுவா உள்ளிட்ட நாடுகளின் வாழைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான ஆண்கள் மலடாகியிருந்தார்கள். இந்தியா தடை செய்தது 1989-இல். லாத்ரப் தொழிலாளர்கள் பேசிய பிறகு 12 ஆண்டுகள்.

அதே மருந்து ஓரளவு ஆறுதலையும் தருகிறது. இஸ்ரேலில் டிபிசிபி தயாரித்த தொழிலாளர்களை 17 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். சிலருக்கு விந்தணு திரும்ப வந்தது, சிலருக்கு வரவே இல்லை. பிறந்த குழந்தைகளில் ஆண் குழந்தைகள் குறைவாக இருந்தாலும் பிறவிக் குறைபாடு கூடவில்லை. மோசமாகச் சேதமடைந்த விந்தணு பெரும்பாலும் கருவாவதில்லை, கருவானாலும் தங்குவதில்லை. கேடு பெரும்பாலும் குழந்தையின்மையாகவும் கருச்சிதைவாகவும் வெளிப்படுகிறது. அது சிறிய துயரம் என்று சொல்ல வரவில்லை. நம் ஊர்களில் அந்தத் துயரத்தின் பழியைச் சுமப்பவர் மனைவிதான். மருந்து அடித்த கணவரை யாரும் பரிசோதனைக்கு அழைப்பதில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். பிறவிக் குறைபாடு எல்லாம் பரம்பரைக் குறைபாடு அல்ல. கருவில் இருக்கும்போது மருந்து குழந்தையின் உறுப்பைச் சிதைத்தால், அது அந்தக் குழந்தைக்கு நேர்ந்த காயம். குடும்ப ரத்தத்தில் ஓடும் கேடு அல்ல. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மீது 2000 வரை ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அங்கே பாதிக்கப்பட்ட ஊர்களில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் பலர் தயங்கினார்கள் என்பது அந்த மக்களுக்கு இழைக்கப்பட்ட இரண்டாவது அநீதி. பாதிக்கப்பட்டவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2017-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரார் மனதில் ஏறிய சந்தேகத்தை எந்த உத்தரவும் துடைக்காது. எலிகளில் சில மருந்துகளின் பாதிப்பு பேரன் பேத்தி எலிகள் வரை போனதாக வந்த ஆய்வுகளை வைத்து மனிதக் குடும்பங்களை அளப்பது தவறு.

உள்ளே நுழையும் வாசல் தோல்

மருந்து மூக்கு வழியாகத்தான் போகிறது என்று நினைத்து வாயில் துண்டைக் கட்டிக்கொள்கிறோம். வயலில் பெரும் பங்கு போவது தோல் வழியாக. தன்னார்வலர்களின் தோலில் பாராத்தியான் என்ற பூச்சிமருந்தைத் தடவி 1971-இல் வெளியிட்ட அளவீடு இது: முன்கையில் தடவியதில் ஏறத்தாழ 9 சதவீதம் உள்ளே போனது, உள்ளங்கையில் 12, நெற்றியில் 36, விதைப்பையில் தடவியது ஏறக்குறைய முழுவதுமே. முதுகில் தொங்கும் டேங்கின் மூடி இறுக்கமில்லாமல் கரைசல் முதுகிலும் இடுப்பிலும் வழிந்து வேட்டியை நனைப்பதை இந்த எண்களோடு சேர்த்துப் பாருங்கள். அடைத்த நாசிலை வாயால் ஊதுவதையும், வியர்வையை அதே துண்டால் நெற்றியில் துடைப்பதையும் சேர்த்துப் பாருங்கள். வாயில் கட்டிய துண்டைவிட மூடியின் பழைய வாஷரை மாற்றுவது அதிகம் காக்கும். அடர் மருந்தைக் கலக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஜோடி நைட்ரைல் கையுறை போதும். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும் என்பதால் அது இல்லாததைவிட மோசம். தெளித்த வயலில் ஈரம் காயும் முன்பே களையெடுக்க இறங்கும் பெண்களும், அந்தச் சட்டையைத் தோய்க்கும் பெண்களும் எந்தக் கணக்கிலும் 'மருந்து அடிப்பவர்கள்' இல்லை. அவர்கள் தோலுக்கு அது தெரியாது.

விதை நேர்த்திக்கு மாற்றும் புதிதல்ல. நன்மை செய்யும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் கிலோவுக்கு 10 கிராம் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே இருக்கிறது. வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு வாங்கலாம். கர்ப்பமாக இருக்கும் பெண்ணோ குழந்தைக்குப் பால் கொடுக்கும் பெண்ணோ விதை புரட்டும் வீட்டில் இந்த மாற்றம் இந்தப் பருவத்திலேயே நடக்க வேண்டியது.

மருந்துகளையே மாற்றுவது அரசின் கையில். 2020-இல் மத்திய அரசு 27 மருந்துகளைத் தடை செய்ய வரைவு வெளியிட்டது. கார்பண்டசிம், மான்கோசெப், குளோர்பைரிபாஸ் எல்லாம் அதில் இருந்தன. 2023-இல் முடிவு வந்தபோது முழுத் தடை பெற்றவை டைகோஃபால், டைனோகேப், மெத்தோமில் என்ற மூன்றுதான். மோனோகுரோட்டோபாஸின் 36 சதவீதக் கரைசல் கட்டம் கட்டமாக நிறுத்தப்பட்டது. மற்றவை தொடர்கின்றன, அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் சில கட்டுப்பாடுகள்.

பரிசோதனை பற்றிய சட்டமோ நம்மிடம் அரை நூற்றாண்டாக இருக்கிறது. 1971-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்து விதிகளில் 37-ஆம் விதி, மருந்தைத் தயாரிப்பவர் மட்டுமல்ல, தெளிப்பவரும் வேலைக்கு முன் மருத்துவப் பரிசோதனை பெற வேண்டும் என்கிறது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்ற நரம்பைத் தாக்கும் மருந்துகளைத் தயாரிக்கும் ஆலைகளில் வேலை செய்பவருக்கு ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். இந்தப் பரிசோதனை டிஎன்ஏ சேதத்தைக் காட்டாது, நரம்பு நொதியைத்தான் காட்டும். ஆனால் மருந்து எவ்வளவு உடலில் சேர்கிறது என்பதற்கு எளிய, மலிவான அடையாளம் அது. சேரும் அளவு தெரிந்தால் மற்றதைத் தடுக்கலாம். வயலில் இந்த விதி உயிரோடு இல்லை. காரணம், இன்று இவர் வயல், நாளை அவர் வயல் என்று டேங்க் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு முதலாளி என்று பதிவேட்டில் யாரும் இல்லை. பரிசோதனைக்கு அழைத்துப்போகும் பொறுப்பு யார் தலையிலும் விழுவதில்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விவசாயத் தொழிலாளர்கள் நீதிமன்றம் வரை போய் வென்று 2004 முதல் இதைக் கட்டாயமாக்கினார்கள். பருவம் தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, பருவத்தில் மறுபடியும். ரத்தச் சிவப்பணுவில் உள்ள கோலினெஸ்டரேஸ் 30 சதவீதம் குறைந்தால் அவரை மருந்து வேலையிலிருந்து விலக்க வேண்டும். விலகியிருக்கும் காலத்துக்கும் ஊதியம் உண்டு. இந்தக் கடைசி வரி இல்லாமல் மற்ற எதுவும் நடக்காது. கூலி போகும் என்றால் யாரும் ரத்தம் கொடுக்க முன்வர மாட்டார்கள். தெளிப்புப் பருவத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கோலினெஸ்டரேஸ் பரிசோதனை தர, தெளிப்பவருக்கு 37-ஆம் விதி ஏற்கெனவே கேட்கும் மருத்துவப் பரிசோதனையோடு அதைச் சேர்த்தாலே போதும், புதுச் சட்டம் தேவையில்லை. நொதி குறைந்தவருக்கு அந்த வாரங்களின் கூலியைத் தர வேண்டுமென்றால் அதற்கென அரசின் நிதி ஒன்று வேண்டும். அதை இதுவரை எந்த அரசும் ஏற்படுத்தவில்லை.